தோர்ன்ரன் யாருடைய அப்பா?

1994இல் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்துகொண்டு, மிசிசாகாவில் சவர்க்காரம் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். கனடாவுக்கு வந்து இறங்கியபோது பத்திரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று ஏது? அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேலையிடத்தில் எனக்கு அதுதான் பெயர். வீட்டில் அம்மாகூட வாயால் சொல்லாத பெயரை, சுப்பவைசர் நாளுக்கு நாற்பது தரம் கத்திக் கூப்பிடுவாள்.

அந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்துபோனார். சண்டையால் பாதை பூட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போக வழியில்லை. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மூன்றாம் நாளே வேலை மேசையடியில் வந்து நின்றேன். மண்டபம் முழுக்க அப்பாவின் பெயர் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் நேரே போய், சுப்பவைசரின் சட்டையில் குத்தியிருந்த 'தோர்ன்ரன்' என்ற பெயரைக் காட்டி, உன் அப்பாவின் பெயரை நான் இப்படிக் கத்தினால் பொறுப்பாயா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அழத் தொடங்கினேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஒன்றும் விளங்காமல் விழித்தாள். பக்கத்து மேசை அக்கா ஓடிவந்து, எங்கள் வழக்கத்தையும் அப்பா இறந்ததையும் எடுத்துச் சொன்னார். அவள் சட்டையில் இருந்த தன் பெயரைத் தொட்டுக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னாள். அக்கா என்னிடம் திரும்பினார்.

"அது தகப்பன்ர பேர் இல்லையாம் பிள்ளை. இங்கிலாந்தில ஒரு ஊரின்ர பேராம். முள்ளுமரம் நிண்ட ஊராம். அங்கயிருந்து ஆரோ வெளிக்கிட்டுப் போக, போன இடத்துச் சனம் அந்தாளை ஊர்ப் பேராலயே கூப்பிட்டுதாம். உந்தப் பேரில கன ஊர் இருக்காம், தங்கட எதெண்டு அவவுக்கே தெரியாதாம்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், தன் ஊரே எதுவென்று தெரியாதவளோடா சண்டைக்குப் போனேன் என்று வெட்கமாக இருந்தது. அவளோ என் அப்பாவின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, அந்தப் பெயரை அதுவரை நான் உச்சரித்ததில்லை. முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். மயிலேறி வருகிற சாமியின் பெயர் என்றும் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்தாள். மறுநாளிலிருந்து என் சொந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிக் கூப்பிடப் பழகினாள்.

இப்போது வங்கியிலோ வைத்தியசாலையிலோ யாராவது அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தால் கோபம் வருவதில்லை. கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்காத அந்த மனிதருக்காகவும் சேர்த்தே எழுந்து நிற்கிறேன்.