அரை டின் தார்

அன்று சாயங்காலம் செபமாலைக்கு உட்கார்ந்தவர்கள்: என் மாமியார் அன்னம்மாள். என் வீட்டுக்காரர் அந்தோணி. அவர் தம்பி சின்னப்பன். நான், சேசுமேரி. என் மகள் லூர்து, அப்போது அவளுக்கு வயசு ஆறு.

செபமாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணி, மணிக்கு ஒரு செபம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பத்து. முதல் பத்தை அத்தை சொல்வார். இரண்டாவது என் வீட்டுக்காரர். பிறகு சின்னப்பன், நான், கடைசியில் லூர்து. அவரவர் பத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும். அத்தை வைத்த முறை அது.

1965ஆம் வருஷம், தை மாசக் கடைசி. எங்கள் ஊர் இண்டூர் பக்கம். அப்போது சேலம் ஜில்லா. எங்கே பார்த்தாலும் மொழிப் போராட்டம், கடையடைப்பு. அவர் தன் பத்தில் ஏழாவது மணி சொல்லி முடித்தார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான்கு போலீஸ்காரர்கள்.

"யோவ், கையக் காட்டு."

காட்டினார். விரல் இடுக்கிலெல்லாம் தார். இரண்டு நாளாக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"எங்க பூசுன?"

"நான் பூசலைங்க. எங்க மச்சான் பரிசலுக்கு வாங்குனதுங்க."

அது உண்மை. அவருடைய அக்கா புருஷன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். பரிசலின் அடியில் தார் பூசாவிட்டால் தண்ணீர் ஏறிவிடும். அதற்காக இவர் டவுனுக்குப் போய் ஒரு டின் தார் வாங்கினார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டின்னைக் கடைச் சுவரோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தால் மூடி கழன்று கிடந்தது. டின்னில் பாதிதான் இருந்தது. கையால் மூடியை அமுக்கிப் பிடித்தபடியே பஸ் ஏறி வந்தார்.

அத்தை அன்றைக்குச் சிரித்தார். "முழு டின்னுக்குக் காசு குடுத்துட்டு அரை டின் தூக்கிட்டு வந்துருக்கான் பாரு. உன்னையெல்லாம் எவ நம்பிக் கடைக்கு அனுப்புனா?"

டீ குடித்த நேரத்தில் போராட்டக்காரர்கள் அந்தத் தாரை எடுத்து, பக்கத்துத் தபால் ஆபீஸ் போர்டில் இந்தி எழுத்தின் மேல் பூசியிருக்கிறார்கள். அதன் பிறகு யாரோ உள்ளே தீயும் வைத்துவிட்டார்கள். தார் டின்னோடு இவர் பஸ் ஏறியதைப் பார்த்த ஆள் இருந்தான். எங்களுக்கு இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது.

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டின்னையும் எடுத்துக்கொண்டார்கள். லூர்து அழவில்லை. கையில் இருந்த செபமாலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார். இவர் சொன்னார்: "நான் போராட்டக்காரன் இல்லைங்க. எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க. தார் என்னுது. பூசுனது நான் இல்லைங்க." மச்சான் வந்து சாட்சி சொன்னார். சொந்தக்காரன் சாட்சி எடுபடவில்லை. மூன்று வருஷம் போட்டுவிட்டார்கள். சேலம் ஜெயில்.

ஊரில் சில பேர், தமிழுக்காக உள்ளே போனவன் என்று பெருமையாகப் பேசினார்கள். சில பேர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சின்னப்பன் ஏர் பிடித்தான். நான் களை எடுக்கப் போனேன். ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

செபமாலையை விடவில்லை. இரண்டாவது பத்து வரும்போது சின்னப்பன் சொல்லப் போனான். அத்தை தடுத்தார்.

"அது அவன் பத்து. அவன் அங்க சொல்லுவான். நீ மணிய மட்டும் தள்ளு."

அந்தப் பத்து மணியும் பேசாமல் நகரும். லூர்து மட்டும் உதட்டை அசைப்பாள். ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது அவரிடம் சொன்னேன். அவரும் தினம் லாக்கப் பூட்டுகிற நேரத்தில் விரல்விட்டு எண்ணி அந்தப் பத்தைச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. அவராகவே செய்திருக்கிறார்.

அத்தைக்கு இளைப்பு நோய் வந்தது. இரவில் படுக்க முடியாது. உட்கார்ந்தே தூங்குவார். நான் மாதாவிடம் இரண்டு கேட்டேன். என் வீட்டுக்காரர் வெளியே வர வேண்டும். அத்தை கண்ணால் அதைப் பார்க்க வேண்டும்.

1967 மாசியில் எலெக்‌ஷன் நடந்தது. சர்க்கார் மாறியது. ஒரு நாள் சின்னப்பன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தான்.

"அண்ணி, போராட்டத்துல புடிச்சவங்களையெல்லாம் வுட்டுட்றாங்களாம். ரேடியோவுல சொன்னாங்க."

அன்றைக்கு அத்தை இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டார்.

மற்றவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். மாலை போட்டு ஊர்வலம் போனார்கள். அவர் வரவில்லை. நானும் அத்தையும் சேலத்துக்குப் போனோம். அத்தையால் நடக்க முடியவில்லை, அங்கங்கே உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் விஷயத்தைச் சொன்னார்.

"போராட்டக்காரங்களுக்குத்தான் விடுதலையாம். நான் போராட்டக்காரன் இல்லைன்னு கோர்ட்டுல சொன்னனில்ல. தீர்ப்புல அப்படியே எழுதியிருக்குது. அதனால நான் சும்மா தீ வெச்சவனாம். தமிழுக்காகத்தான் செஞ்சேன்னு ஒரு மனுவுல கைநாட்டு வெச்சாப் போதுமாம். மனு எழுதியே வெச்சிருக்கறாங்க. உள்ள இருந்தவங்களும் சொல்லிட்டுத்தான் போனாங்க. 'நாங்க பெருமையாச் சொல்றத நீ சொல்றதுக்கு என்னய்யா கேடு, தார்ச்சாமி'ன்னு கேலி வேற."

 கைநாட்டு வைத்துவிடுங்கள் என்றுதான் என் மனசு சொன்னது. அவர் அத்தையைப் பார்த்தார்.

அத்தைக்குப் பேச மூச்சு வேண்டியிருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்.

"செஞ்சியா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்ன. பொய் சொல்லிட்டு வூட்டுக்கு வந்தா எந்த வாயால உன் பத்தச் சொல்லுவ?"

"உனக்கு உடம்பு இப்படி இருக்குதே."

"என் உடம்பு என் பாடு. நீ பொய் சொல்லாம வா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து வந்தார். நான் அழுதேன். அத்தை அழவில்லை. ஊர் வந்ததும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போகச் சொன்னார்.

சாமியார் தருமபுரியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் ஜெயிலுக்குப் போய் அவரிடம் கேட்டது ஒன்றுதான். போர்டில் பூசியது உன் தாரா?

ஆமாம் என்றார்.

வக்கீல் சொன்னாராம்: "அது போதும்ப்பா. போராட்டத்துல வந்த கேஸான்னுதான் பாக்கணும். நீ யாருன்னு யாரு கேட்டா?"

அவர் கோர்ட்டில் சொன்னதையே வக்கீல் மறுபடி எழுதினார். தார் என்னுடையது. பூசியது நான் இல்லை. அதில் கைநாட்டு வைத்தார். மனு மெட்ராசுக்குப் போனது.

நாங்கள் தினம் செபமாலை சொன்னோம். அத்தைக்குக் குரல் போய்விட்டது. முதல் பத்தை உதட்டால் சொல்வார். நான் காதை அருகில் வைத்துக் கேட்டு மணி தள்ளுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்டவர் பாடுகளை நினைத்துத் துக்க தேவ இரகசியம் சொல்கிற நாள், அத்தை என் கையைப் பிடித்தார்.

"அவன் வந்தாச் சொல்லு. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி, நான் முன்னாடி போயி எடம் புடிச்சு வெக்கிறன்னு."

விடிவதற்குள் இறந்துவிட்டார்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம் என்றான் சின்னப்பன். உள்ளே இருந்துகொண்டு அழுது என்ன செய்வார். சரி என்றேன். அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது.

ஜெயில் வாசலில் நான் மட்டும் நின்றேன். மாலை இல்லை, கூட்டம் இல்லை. வெளியே வந்தவர் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அம்மா வர்லியா?"

"இல்லைங்க."

"ரொம்ப முடியலியா?"

"போன வெள்ளிக்கிழமைங்க."

 பஸ் ஏறினோம்.  தொப்பூர் கணவாய் வந்ததும் கேட்டார்.

"என்னமாவது சொல்லுச்சா?"

சொன்னேன். துண்டு போட்டு இடம் பிடிக்கிற பேச்சைக் கேட்டுச் சிரித்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஊர் வரைக்கும் எடுக்கவில்லை.

சாயங்காலம் செபமாலைக்கு உட்கார்ந்தோம். யாரும் ஆரம்பிக்கவில்லை. அத்தை ஆரம்பித்தே பழக்கம். அவர்தான் சொன்னார்.

"அம்மா பத்து அப்படியே போவட்டும்."

மணியை மட்டும் தள்ளினோம். அடுத்தது அவர் முறை. செபமாலை மணிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க வுட்டேன்?"

லூர்து சொன்னாள். "ஏழு முடிஞ்சிருச்சுப்பா. மூணு பாக்கி."

அந்த மூன்றையும் சொல்லி முடித்தார்.  நடுவில் நிறுத்தவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. செபமாலை மாசத்தில் எல்லாரும் படிக்க எழுதிக் கொடு என்று சாமியார் கேட்டார். நான் மூன்றாவது வரை படித்தவள். தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

நான் மாதாவிடம் இரண்டு கேட்டேன். ஒன்று கிடைத்தது. மற்றது ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. கிடைத்ததற்கு நன்றி சொல்கிறேன். அவர் பொய் சொல்லாமல் வந்தார். அத்தை கேட்டது அதுதான். அத்தைக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டு ஆள் ஜெயிலில் இருந்தாலும், பார்க்கப் போகிற பெண்பிள்ளைகளை என் வீட்டுக்காரர்தான் சேலத்துக்குக் கூட்டிப் போகிறார். எந்த வாசல், யாரிடம் கேட்பது என்று காட்டிக் கொடுப்பார். என்ன சாதி, என்ன சாமி என்று பார்ப்பதில்லை. முன்பு அவ்வளவாக யாரோடும் பேசாத மனுஷன்.

உங்கள் வீட்டிலும் யாராவது வராமல் இருக்கலாம். அவர் இடத்தை எடுத்துவிடாதீர்கள். அவர் பங்கை வேறு யாரும் சொல்ல வேண்டாம். மணியை மட்டும் தள்ளுங்கள். மாதா கேட்கிறாள். எங்களுடையதைக் கேட்டாள்.

இன்றைக்கும் விளக்கு வைத்ததும் உட்காருவோம். முதல் பத்து பேசாமல் போகும். அப்புறம் அவர், சின்னப்பன், நான், லூர்து.

நாலு பேர்.