அப்பாவைப் பாடிய சிந்து

மைசூர் விஜயநகர் வீட்டு கேட்டில் இன்று காலை யாரோ ஒரு மனை விற்பனை நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மலிவான ரோஸ் தாள். பிரித்ததும் மண்ணெண்ணெய் கலந்த அச்சு மை வாசனை. எதற்கும் தேதி குறித்து வைத்து, வீட்டில் கேலிக்கு ஆளாகிற எனக்கு, இந்த வாசனைக்குரிய நாளின் தேதி மட்டும் தெரியாது. யுகாதிக்கு முந்திய வாரம், கொள்ளேகால் பக்கத்து ராமாபுரம் சந்தை, அதுவரைதான் உறுதி.

அப்போதெல்லாம் எங்கே விபத்து நடந்தாலும் அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, ரோஸ் தாளில் அச்சடித்து, கஞ்சிரா தட்டிப் பாடி விற்பவர்கள் சந்தைக்கு வருவார்கள். அன்று ஆறுமுகம் என்ற சிந்துக்காரர், மலைப்பாதையில் வண்டி உருண்ட கதையைப் பாடிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் கூட்டத்தில் நின்றோம். தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட் வரை போகும் பஸ்ஸுக்கு அப்பாதான் டிரைவர். முந்தின நாள் போனவர் இன்னும் திரும்பவில்லை.

"நீலத் துண்டு தோளிலிட்டு
நெத்தி நெறைய நீறுமிட்டு
ஒத்தைக் கடுக்கன் மின்ன மின்ன
ஓட்டி வந்தார் புண்ணியவான்..."

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. ஒரே காதில் கடுக்கன் போட்ட டிரைவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான்.

"ஏனுங்க, அந்த வண்டி எங்க உழுந்துச்சுங்க?" அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அட, நீங்களா அம்மிணி! அது லாரிங்க, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம். டிரைவரு மொகத்தக்கூட நாம் பாத்ததில்லீங்க. மெட்டும் முக்காவாசி அடியும் மேட்டூர்க்காரரு பரிசல் கவுந்ததுக்குக் கட்டுனது. பரிசல்காரன எறக்கிட்டு ஒரு நல்ல டிரைவர ஏத்தோணுமில்லீங்களா? நாங் கண்ட நல்ல டிரைவரு உங்கூட்டுக்காரருதானுங்க." பெருமையாகத்தான் சொன்னார்.

"அந்த அடிய எடுத்துப்போடுங்க. உசுரோட இருக்கற மனுசனுங்க."

"நான் எடுத்துருவேன் அம்மிணி. கொள்ளேகால் சிந்துக்காரன் போன வாரமே கத்துக்கிட்டுப் போயிட்டானுங்களே!"

இருட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கதையைக் கேட்டுவிட்டு, "செத்தவனுக்குச் சோறு கெடைக்குமா புள்ள?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடுக்கனைக் கழற்றச் சொன்னாள். அப்பா கழற்றினார், பாட்டு கழற்றவில்லை.

அடுத்தடுத்த சந்தைகளில் வேறு வேறு ஆட்கள் பாடினார்கள். ஒன்றில் ஜீப், இன்னொன்றில் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஊர் மாறும், வண்டி மாறும். ஓட்டுகிறவர் மட்டும் அப்பாவேதான். ஒருவர் அடி இன்னொருவர் பாட்டுக்குப் போவதைப் பற்றிப் பின்னாளில் நிறையப் புத்தகங்கள் படித்தேன். எவ்வளவு நிதானமாக எழுதுகிறார்கள்! எங்கள் வீட்டில் அது அப்படி இல்லை. அப்பாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆனாலும் இதே அடிகளைத்தான் பாடுவார்கள். பழைய பாட்டா, புதிய செய்தியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கஞ்சிரா கேட்டாலே அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். வண்டி வளைவை நெருங்கும் அடியோடு எனக்குப் பாட்டு நின்றுவிடும்.

அப்பா ஓய்வு பெற்று, மைசூரில் இந்த வீட்டுக் கட்டிலில், தூக்கத்திலேயே போனார். சிந்துக்காரர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கொள்ளேகால், ராமாபுரம், பாலாறு செக்போஸ்ட் டீக்கடை என்று அந்தப் பாட்டின் மீதியைக் கேட்டுக்கொண்டே போனேன். "கொத்தில்ல சார்" என்று இளைஞர்கள் கன்னடத்தில் கைவிரித்தார்கள். வளைவுக்கு அடுத்த அடி, வண்டியோடு அப்பா உருளும் அடி, யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும், தெரியும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.