பக்கத்துக் கடை வைஃபை

லேப்டாப்புக்கு வைஃபை கார்டு மாற்றுகிறவனுக்கு மூன்று பொருள் அவசியம்: சின்ன ஸ்க்ரூடிரைவர், கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையதாவது ஒரு வைஃபை. முதல் இரண்டும் என்னுடையவை. மூன்றாவது என் தங்கச்சி புருஷன் நடராசனுடையது. அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

பருத்திப்பட்டில் ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்கள் இரண்டு கடையும் ஒட்டியிருக்கின்றன. எனக்கு ரிப்பேர் வேலை. அவருக்கு ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை. ஊரில் எவன் வீட்டுப் பத்திரிகையிலும் ஒரு புள்ளி தவற விடாத அந்த மனுஷன், தன் மகள் தேன்மொழியின் பத்திரிகையில் தாய்மாமன் பேரை விட்டுவிட்டார். நான்தான் தாய்மாமன். கேட்டதற்கு, டைப் அடிக்கும்போது தவறிவிட்டது என்றார். மனை புரோக்கர் ஒருத்தர் பேர் மட்டும் தவறாமல் கொட்டை எழுத்தில் இருந்தது. கல்யாணத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தாலி கட்டியதும் எழுந்து வந்துவிட்டேன். ஏழெட்டு வருஷம் ஆகிறது.

நடராசனோடு பேசாமல் இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் பொண்ணு வாயால் மாமா என்று கேட்காததுதான் கஷ்டம். அப்பா கடைக்கு வரும்போது என் கடையைத் தாண்டித்தான் போவாள். முதல் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டே போக ஆரம்பித்தாள். சொந்தக்காரனோடு சண்டை போட்டுவிட்டு, அவன் பிள்ளையைப் பார்க்க ஏங்குகிறவர்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள்.

சுவர் வேண்டும்

உன் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. வைஃபை கார்டில் கறுப்பு, வெள்ளை என்று நூல் மாதிரி இரண்டு வயர் மாட்டியிருக்கும். அவைதான் சிக்னலைப் பிடிப்பவை. அவற்றைக் கழற்றிப் போட்டாலும், கை எட்டுகிற தூரத்தில் இருக்கும் போனைக் கார்டு பிடித்துக்கொள்ளும். கடையில் எடுக்கும், வீட்டுக்குப் போனால் எடுக்காது. நடுவில் ஒரு சுவர் இருந்தால்தான் கார்டின் யோக்கியதை தெரியும்.

அதனால் கார்டு மாற்றியதும் பக்கத்துக் கடை வைஃபையைத்தான் பிடிப்பேன். பேச்சு இருந்த காலத்தில் கொடுத்த பாஸ்வேர்டு. அவர் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் பேரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். ஒரு நாள் ஃபிளாட்டிலிருந்து வந்த ஒரு பொண்ணு நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றதை எல்லாம் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிற ஆள் நான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அங்கிள், தேன்மொழின்னு மட்டும் கீபோர்டைப் பாக்காமலே அடிக்கிறீங்க. உங்க பொண்ணா?”

சமையலறையில் மீட்டிங்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஃபிளாட்டில் குடியிருக்கும் முத்து என்கிற பையன் வீட்டுக்கு வரச் சொன்னான். ஐ.டி. வேலை. எங்கேயோ கொடுத்து ஸ்க்ரீன் மாற்றியதிலிருந்து, ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவன் லேப்டாப்பில் நெட் வருகிறது. ரூட்டர் சமையலறைக்குள் இருக்கிறது. எனவே இரண்டு மாதமாக அரிசி டின் மேல் உட்கார்ந்து மீட்டிங் பேசுகிறான். புதுக் கார்டு போடுங்கள் என்றான்.

பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கார்டு நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரீன் மாற்றியவன் இரண்டு வயரையும் மாட்டாமலே மூடியிருக்கிறான். ஒரு வயரை அழுத்தி மாட்டினேன்; இன்னொன்றும் மாட்டினால்தான் ஹால் வரை எடுக்கும். முத்து போன் வந்ததும் பால்கனிக்குப் போனான். அவன் பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தாள். மீட்டிங்கில் இருந்தபடியே வெங்காயம் உரித்துக் கொடுப்பானாம், பூண்டு உரித்துக் கொடுப்பானாம். அவள் சொன்னாள்: “அண்ணாச்சி, அந்த இன்னொரு வயரு அப்படியே கெடக்கட்டும். இந்த ரெண்டு மாசமாத்தான் அவிய எங்கூட இருக்காவ.”

பேர் இல்லாத கார்டு

சில கம்பெனி லேப்டாப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால், கறுப்பு ஸ்க்ரீனில் ஒரு வரியைக் காட்டிவிட்டு ஆன் ஆகாமல் நின்றுவிடும். தண்ணீர் கேன் போடுகிற ஏழுமலை தன் மகளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தபோது இதுதான் நடந்தது. ஏழுமலை இந்த ஊர்க்காரன். என் கதை, நடராசன் கதை எல்லாம் தெரிந்தவன்.

நல்ல கார்டைப் போட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டான். பட்டியலில் பேர் இல்லாததை இது உள்ளே விடாது, எல்லாம் சில பேர் வீட்டுப் பத்திரிகை மாதிரிதான் என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஏழுமலை கேனை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அண்ணாத்தே, மிசினு அந்தக் கார்ட உள்ள உடல, செரி. உன்ன எவன் உடல? நீயாத்தான போவாம கீற.”

அவனோடும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன்.

பக்கத்தில் ஒருத்தர்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கார்டு மாற்றிவிட்டுப் பார்க்கிறேன், பக்கத்துக் கடை வைஃபையின் பேரையே காணோம். என்னென்னவோ வேறு பேர்கள் வருகின்றன, அது மட்டும் இல்லை. எட்டிப் பார்த்தேன். புது லைன் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய ரூட்டர் கவுண்டர் மேல் கவிழ்ந்து கிடந்தது. சரி, இதையும் அறுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. கழற்றிய ஸ்க்ரூ எது எங்கே என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இனி அந்தப் பேரை அடிக்கக்கூட வழியில்லை.

மத்தியானம் மறுபடியும் அதே பேர் வந்தது. அதே பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் லைன் இழுத்த பையன் ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்டு வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. என்னப்பா என்றேன். “புது ரூட்டருக்குப் புதுப் பாஸ்வேர்டு போடறேன்னா அந்தப் பெரியவரு வேணான்றாரு சார். பழைய பேரு, பழைய பாஸ்வேர்டுதான் வேணுமாம். மாத்தினா பக்கத்துல ஒருத்தருக்கு வேலை நின்னுடும்னு என் கைய புடிச்சிகினு கீறாரு.”

வீட்டிலும் எடுக்கணும்

தேன்மொழி போன மாசம் வந்தாள். குத்தம்பாக்கம் பக்கம் புருஷன் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெரியும். ஆனால் என் கடை வாசலில் நிற்பாள் என்று நினைக்கவில்லை. ஒரு கையில் லேப்டாப், ஒரு கை இடுப்பில். “ரிப்பேர் பண்ணுவீங்களா?” என்று கேட்டாள். மாமா இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒரு கஸ்டமர் மாதிரி.

வைஃபை நின்று நின்று வருகிறது. இரண்டு நாளாகச் சுத்தமாக இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருக்கிறார்கள், லைனில் இல்லாவிட்டால் ஆபீசுக்கு வரச் சொல்லுவார்கள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் என் மேஜையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, சோதனைக்கு ஒரு யு.எஸ்.பி. டாங்கிளை, வெளியே செருகுகிற குட்டி வைஃபையை, குத்தினேன். என் போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் வந்தது. அப்படியென்றால் உள்ளே இருக்கிற கார்டுதான் கெட்டுப்போயிருக்கிறது. அந்த டாங்கிளையே கொடுத்து அனுப்பியிருந்தால் அத்தோடு வேலை முடிந்திருக்கும். முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கழற்றி, புதுக் கார்டு போட்டு, வயர் இரண்டையும் மாட்டி, ஆன் செய்தேன். பக்கத்துக் கடை வைஃபை வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. பழக்கத்தில் அடித்துவிட்டேன். அவள் என் விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். லேப்டாப்பை வாங்கி மூடிக்கொண்டாள். மெதுவாக எழுந்தாள். இரண்டு அடி போய் நின்றாள். “இங்க எடுக்குது. வீட்ல எடுக்கலன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? நீங்களே வந்து பாத்துக் குடுங்க மாமா.”

வேலை கொடுத்தவர் வீட்டில் ஓடினால்தான் வேலை முடிந்தது என்பது என் கடைச் சட்டம். அதனால் போனேன், வேறு காரணம் இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன், வேலைக்கு வந்தவன் என்று தெரியட்டும் என்று. கதவைத் திறந்தது நடராசன். தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்துக் கடையிலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. உள்ளே என் தங்கச்சி ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். ஹாலில் வைத்துப் பார்த்தேன், நன்றாக எடுத்தது. எடுக்குது, வரேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னேன். நடராசன் வாசலுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “ஹால்ல மட்டும் பாத்தா எப்படி மச்சான்? எல்லா ரூம்லயும் பாத்துட்டே போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

பத்திரிகையில் பேர் விட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பின் ரூமில் சிக்னல் ஒரு கோடு குறைவாக இருப்பதால், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.