ரெபேக்காவின் பத்தாம் மாதம்

வம்சாவளி தேடித் தரும் தொழிலில் முதலில் கண் போகும். பொறுமை அதற்கு முன்பே போயிருக்கும். பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தோம், நானும் பழைய ஏடுகளைப் படமாக்கிய மைக்ரோபிலிம் சுருள்களைக் கவனித்த சிவம் அண்ணையும்.

பேசாத கூட்டம்

நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து ஹெலன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். அவருடைய முன்னோர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பதிவேடுகள் பற்றி விசாரிக்க ஒரு ஞாயிறு குவேக்கர் கூட்டத்துக்குப் போனேன். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. ஒரு மணி நேரம் எல்லாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலை ஆட்டினேன், கைப்பையைத் திறந்தேன், மூடினேன், நாற்காலி கிரீச்சிட்டது. முடிந்ததும் பக்கத்து முதியவர் கைகுலுக்கிச் சொன்னார்: "இன்றைக்கு இங்கே அதிகம் பேசியது நீங்கள்தான்."

விரல் விட்டு எண்ணியது

ஹெலனின் மூதாதை ரெபேக்கா அகப்பட்டாள். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய சங்கதி. குவேக்கர் அல்லாத ஒருவனை அவள் மார்ச் மாதம் மணந்தாள் என்றது தேவாலயப் பதிவு. பிள்ளை பிறந்தது "பத்தாம் மாதம்" என்றது குவேக்கர் ஏடு. மாதப் பெயர்களில் வேற்றுத் தெய்வங்கள் இருப்பதால் குவேக்கர்கள் எண்ணால்தான் எழுதுவார்கள்.

பத்தாம் மாதம் அக்டோபர். எண்ணினேன், ஏழு மாதம்! அவளைக் கூட்டத்தார் ஒதுக்கிவைத்தார்கள் என்று ஹெலன் முன்பே சொல்லியிருந்தார்; காரணம் இதுதான் என்று நானே முடிச்சுப் போட்டு, சுடச்சுட ஹெலனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டார்: "மனசுக்குப் பிடித்தவனுக்காக ஒதுக்கப்பட்டவள் என்று பெருமையாக என் மகளுக்கு அவள் பெயரை வைத்தேன், சனிக்கிழமை குடும்பமே கூடும்போது எழுந்து நின்று என்ன சொல்வேன்?"

முன்பக்கக் குறிப்பு

வெள்ளிக்கிழமை காலை சிவம் அண்ணை அதே சுருளை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இஞ்சை வாரும். முதலாம் மாசம் எண்டால் மார்ச் எண்டெல்லோ முன்பக்கத்திலை எழுதிக் கிடக்கு."

நானும் குனிந்து படித்தேன். அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஆண்டே மார்ச்சில்தான் பிறந்தது. அப்படியென்றால் பத்தாம் மாதம் டிசம்பர். அடுத்த பக்கங்களில் ஒதுக்கிய காரணமும் இருந்தது: பாதிரியாரை வைத்து மணம் செய்தாள். அவ்வளவுதான்! அவசரத்தில் ஒரு பெண்ணின் மானத்தை வாங்கிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஹெலனுக்கு ஆறு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்து அண்ணை சொன்னார்: "பத்து மாசம் சுமந்து பெத்தது எண்டு கதைக்கிற ஆக்கள் நாங்கள், நீர் எப்பிடி ஏழிலை நிப்பாட்டினீர்?"

கதவடியில்

மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து நின்றேன். கதவைத் திறந்த ஹெலனின் கையில் குடும்பப் புத்தகத்திலிருந்து கழற்றிய ஒரு தாள் இருந்தது, ரெபேக்காவின் பக்கம். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை மெல்ல விரல் மடக்கினார். கண் கலங்கிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். தாளைத் திரும்பவும் புத்தகத்தில் செருகிவிட்டுச் சொன்னார்: "என்னிடம் எதற்கு, அவளிடம் கேளுங்கள்."

செத்தவர்கள் மானநஷ்ட வழக்குப் போடுவதில்லை என்கிற ஒரே தைரியத்தில்தான் எங்கள் தொழில் நடக்கிறது.