இரண்டாம் சர்வரில் இருந்த குரல்

ஒரு சர்வர் கணினி படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்று தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை அமைப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் தொழில். இரண்டும் ஒன்றின் துடிப்பை மற்றொன்று கேட்டுக்கொண்டிருக்கும். துடிப்பு நின்றதும், காத்திருந்தது முதலாவதன் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடும். பதவி உயர்வுக்குக் காத்திருந்த என் சகாக்கள் சிலர் இதைவிட வேகமானவர்கள்.

திருத்தணியில் எங்கள் தெருமுனையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் பாய் என்னைக் கூப்பிட்டார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் கணினி படுத்து, ரிப்போர்ட்டுகள் ஆள் மாறிவிட்டனவாம். புதிய கணினியை முதலாவதாகவும், பரணில் கிடந்த பழையதை இரண்டாவதாகவும் வைத்து எல்லாவற்றையும் அமைத்தேன். ஆள் இல்லாத நேரத்தில் செய்வது சோதனையே அல்ல என்பது என் கொள்கை. கூடம் நிறைந்திருந்தபோது முதலாவதன் கேபிளைப் பிடுங்கினேன்.

இரண்டாவது பொறுப்பேற்கச் சில நொடிகள் ஆயின. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எண்ணைத் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிட்டது.

"ஆங், வந்துகினே இருக்கேம்மா" என்று எழுந்த பொதட்டூர்பேட்டைக் கிழவி பாதியில் நின்றாள். "இது பாயம்மா கொரலாச்சே? அவங்கதான் பூட்டாங்களே!"

பாயின் மனைவி போன வருடம் இறந்தவர். அவர் பதிவு செய்த குரலுக்குப் பதிலாக, புதிய கணினியில் விலைக்கு வாங்கிய குரலைப் போட்டிருந்தார்கள். பழையதில் அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாய் ஒலிபெருக்கியின் அடியில் போய் நின்றார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும் பாய். அதுதான் முறை. பழைய குரலை அழிக்கறதுக்கு முன்னால பென் டிரைவ்ல எடுத்துத் தரேன்."

"அத பொட்டில வச்சிகினு நான் இன்னா சார் பண்றது? ஆளக் கூப்புடற கொரலு சார் அது."

"அப்போ ரெண்டுலயும் அதையே போட்டுடலாமா?"

"வாணாம். தெனம் கேட்டா நான் இங்க ஒக்கார முடியாது. புதுசு செத்தா மட்டும் அது பேசட்டும்."

அந்தக் குரலைத் தொடாதே என்று கணினிக்கு ஒரு வரி எழுதினேன். என்னிடம் வேலை பார்த்த எவனாவது அப்படி எழுதியிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

மாதம் ஒருமுறை சோதித்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாய் இப்போது நினைத்தபோதெல்லாம் கேபிளைப் பிடுங்குகிறார் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள். இப்படிச் செய்தால் கணினி கெட்டுவிடும் என்று சொல்லத்தான் ஒரு மதியம் போனேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்தக் குரல் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நோயாளிகள் வரிசையில், கையில் ஒரு டோக்கனோடு பாய் உட்கார்ந்திருந்தார். அவர் எண் இன்னும் வரவில்லை போலும். நான் வாசலிலேயே திரும்பிவிட்டேன்.