இரண்டு விரல் இடைவெளி

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் என் விரல் அளவு தப்பியதே இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. இப்போது மல்காஜ்கிரியில் மகன் வீட்டில் யாரும் என்னை எதையும் அளந்து சொல்லச் சொல்வதில்லை.

பட்டான்செருவில் இத்தனை கம்பெனிகள் வராத காலம். அங்கே ஒரு பால் பண்ணையில் அப்பா மெஷின் மேஸ்திரி. அம்மா இறந்த வருஷம் அது. என்னை அனுப்பிவிடச் சொல்லி வேலூரிலிருந்து அத்தை கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுன்னா இரு. அடுப்புல கையச் சுட்டுக்கினா அடுத்த ரயில்ல ஏத்தி வுட்டுடுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

பண்ணையில் எல்லோரும் பேசுவது தெலுங்கு, இல்லாவிட்டால் உருது. எனக்கு இரண்டும் தெரியாது. பகலெல்லாம் வாய் திறக்காமல் இருந்து, அப்பா வந்த பிறகுதான் பேசுவேன். அவரும் பேசுகிற ஆளில்லை.

அந்தச் சமயத்தில் புல் காயவைக்க, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற புது மெஷின் ஒன்று வந்தது. அறுத்துப் போட்ட புல்லை அதன் கம்பிகள் வாரி எடுத்து உதறிப் போடும். கம்பி தரையில் பட்டால் புல்லோடு மண் சேரும், மாடு வாய் வைக்காது. ரொம்பத் தூக்கிவிட்டாலோ அடிப்புல் புரளாமல் ஈரமாகவே கிடக்கும். சக்கரத்தருகே ஒரு திருகு. அப்பா அதைச் சுற்றுவார். நான் குப்புறப் படுத்து, கம்பிக்கும் தரைக்கும் நடுவே விரலை நுழைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு விரல் கணக்கு. பண்ணையில் வேறு யாருக்கும் இல்லாத உத்தியோகம் என்று எனக்கு நினைப்பு.

ஒரு நாள் காலை சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டி, வலது கை கொப்பளித்துவிட்டது. பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு போனேன்.

"எவ்ளோ இருக்குது?"

விரலை நுழைக்கவே இல்லை. "ரெண்டு விரல்ப்பா."

"பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். அடிப்புல்லில் ஒரு பிடி அள்ளி, அப்பாவின் முகத்துக்கு நேரே பிழிந்தார்.

"க்யா மேஸ்திரி, சோரே தே க்யா? நீச்சே பூரா கீலா!"

தூங்கினாயா, அடியெல்லாம் ஈரம் என்று திட்டுகிறார். பாஷை தெரியாத எனக்கே அது புரிந்தது. அப்பா தன் நெஞ்சைத் தொட்டு, தப்பு தன்னுடையது என்று காட்டினார்.

அவர் போனதும், "கையக் காட்டு" என்றார் அப்பா.

இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கை."

காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மனசுக்குள் ரயிலேறி உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தக் கையில வெரல் இல்லியா? வா, படு" என்று என் இடது கையைத் தட்டினார்.

அழுதுகொண்டே படுத்தேன். அவர் திருகுக்குக் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவுகோல் ஒன்று நழுவி என் முகத்தருகே விழுந்தது. துடைத்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, "எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்.

"ரெண்டு விரல்ப்பா" என்றேன், பெருமையாக.

பையில் அளவுகோல் வைத்திருக்கிறவர் என்னை எதற்குக் கேட்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.