மாப்பிள்ளைக் காரின் கண்ணாடி

கார்க் கண்ணாடியில் ஆவி படிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் இருக்கவும் இல்லை. பிறகு ஊர் ஊராக வேலை தேடித் திரிந்தபோது, அறை கிடைக்காத மாதங்களில் காருக்குள்ளேயே படுத்திருக்கிறேன். விடியும்போது நாலு பக்கமும் என் மூச்சே தண்ணீராய் வழியும். துடைத்துவிட்டு வேலைக்குப் போவேன். அப்படித் துடைக்கும்போதெல்லாம் சின்ன வயதில் கண்ட சித்தப்பாவின் கல்யாணம் ஞாபகம் வரும். தனியே இருந்து சிரிப்பேன்.

தையில்தான் கல்யாணம் என்று மாமி முடிவு செய்திருந்தார். மாமி, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. அவர் சொன்னால் சொன்னதுதான். யாழ்ப்பாணத்தில் தை நல்ல மாதம். பாரிஸில் அது மூக்கு விறைக்கும் மாதம். புறநகரான லெ பிளாங்-மெனிலில் எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்குப் பாலும் அறுகம்புல்லுமாய்ப் பாலறுகு வைத்து, தலையில் தண்ணீர் வார்த்து, பட்டு உடுத்தி, ஈரம் காயுமுன்பே தலைப்பாகையும் வைத்துவிட்டார்கள். மண்டபம் பாரிஸுக்குள், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். பின்னேரம் அங்கே வேறொரு கல்யாணம் இருந்ததால், முகூர்த்தம் தவறினால் அன்றைக்குத் தாலி இல்லை.

அப்பா காரை ஓட்டினார். பக்கத்தில் சித்தப்பா. பின்னால் மாமி, அம்மா, நடுவில் நான். மாமியின் மடியில் அடுப்பால் இறக்கிய சூட்டோடு ஒரு பானை சர்க்கரைப் புக்கை, பொங்கல்தான். எல்லோருடைய மூச்சும், ஈரத்தலைகளும், பானையின் ஆவியும் சேர்ந்து, நெடுஞ்சாலை ஏறுமுன்பே கண்ணாடிகள் வெள்ளையாகிவிட்டன.

"அக்கா, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவம்," என்றார் அப்பா.

"உனக்கென்ன விசரே? அவனுக்குத் தலை ஈரம். தடிமன் பிடிச்சு, தாலி கட்டேக்கை தும்மினானெண்டால்?"

நல்ல காரியத்தில் தும்மல் கெட்ட சகுனம். மாப்பிள்ளையே தும்மினால் கேட்கவே வேண்டாம். குளிர் வருகிறது என்று, வெளிக்காற்று வரும் வழியையும் மாமி அடைக்கச் சொன்னார். ஹீட்டர் உள்ளே இருந்த ஈரத்தையே சுற்றிச் சுற்றி ஊதியது. ஏசியைப் போட்டால் அது ஈரத்தை இழுத்துவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவருடைய கை மெல்ல அந்தப் பொத்தானுக்குப் போனது.

"குளிருக்குள்ளை ஏசியோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம்!"

கை திரும்பி வந்தது.

சித்தப்பா தன் சால்வையால் முன் கண்ணாடியைத் துடைத்தார். சால்வையில் ஒட்டியிருந்த சந்தனம் கண்ணாடி முழுவதும் மஞ்சளாய் இழுபட்டது.

"இப்ப என்னடா தெரியுது?" என்று மாமி கேட்டார்.

"சந்தனம் தெரியுது, அக்கா," என்றார் அப்பா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஊர்ந்து ஊர்ந்து நகர எல்லைக்கு வந்ததும் அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். இனி ஓட்டினால் யாரையாவது இடித்துவிடுவேன் என்றார். மண்டபத்திலிருந்து அம்மாவின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"முகிலுக்குள்ளை நிக்கிறம்," என்றார் அம்மா.

சித்தப்பா பின்னால் திரும்பினார். "அக்கா, தும்மினால் தும்மிப்போட்டுக் கட்டுறன். போய்ச் சேராட்டி என்னத்தைக் கட்டுறது?"

சொல்லிக்கொண்டே தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கினார். அப்பா இதற்குத்தான் காத்திருந்தவர் போல மற்றவற்றையும் இறக்கி, ஏசியையும் போட்டார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். மாமி பானையை அணைத்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். முன் கண்ணாடி சந்தனக் கீற்றுகளுக்கிடையே கீழிருந்து மேலாகத் தெளிய, அப்பா மறுபடி காரை எடுத்தார். தெருவும் மெத்ரோ ரயில் பாலமும் லா சப்பலின் எங்கள் கடைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கடைத்தெருவில் வாகனங்கள் நகரவில்லை. சித்தப்பா இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். தேநீர் குடித்துக்கொண்டு நின்றவர்கள் கண்டுவிட்டார்கள்.

"மாப்பிள்ளை! பொம்பிளை அப்பவே வந்திட்டா. இறங்கி ஓடு!"

"ஓம் அண்ணை, பெட்டையைப் போகவிடாதேங்கோ, வாறன்!"

வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தன் வான் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார். மெத்ரோப் படிக்கட்டடியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்துக் கையை முழுதாக வீசி "பொன்ஜூர்!" என்று கத்தினார். ஒருவர் சிரித்துக் கை உயர்த்தினார். நானும் கை காட்டினேன். அப்பா ஏனோ ஹோர்னை நீளமாக அடித்தார்.

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். தாலி கட்டும்வரை மாமி சித்தப்பாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் முழங்கிய முழக்கத்தில் யார் தும்மியிருந்தாலும் கேட்டிருக்காது.

பொலிஸைக் கண்டால் எல்லோரும் அப்படித்தான் கை காட்டுவார்கள் என்று நான் நினைத்தேன். சித்தப்பாவுக்குப் பிரான்சில் சட்டப்படி தங்குவதற்கான வதிவிட காட் கிடைத்து அப்போது கொஞ்சக் காலம்தான். அதற்கு முன்னால் அதே படிக்கட்டில் சீருடையைக் கண்டால், அவர் திரும்பி அடுத்த நிலையம்வரை மழையிலும் நடந்துபோய் மெத்ரோ ஏறியவர் என்பது எனக்குத் தெரியாது. தலைப்பாகையின் வடிவை ஊருக்குக் காட்டுகிறார் என்று எண்ணி, அன்று அந்தக் காரில் நானும் அம்மாவின் மடியில் ஏறி ஜன்னலால் கழுத்தை நீட்டிக்கொண்டு போனேன்.